கடல் நடுவே ஓர் அஞ்சல் நிலையம்

தோட்ட அலுவலகத்தில் கிராணியார் கடிதக் கட்டை அவிழ்க்கும்போது, நம் பெயர் அழைக்கப்படுமா என ஆவலோடு காத்து நின்ற நாட்களை நம்மில் பலர் மறந்திருக்க மாட்டோம். கரையே தென்படாத கடலில் பல மாதங்கள் வாழும் கடற்படையினருக்கும் அதே ஆவல்தான். அவர்களுக்குக் கடிதம் எவ்வாறு சென்று சேர்கிறது?

அமெரிக்கக் கடற்படையின் நிமிட்ஸ் வகை விமானந்தாங்கிக் கப்பல் சுமார் 333 மீட்டர் நீளமுடையது. அதில் ஏறத்தாழ 5,000 பேர் வாழ்கின்றனர்; மூன்றடுக்குக் கட்டில்களில் உறங்குகின்றனர்; உப்பு நீக்கிய கடல்நீரையே பருகுகின்றனர். சமையற்கூடம், மருத்துவமனை, முடிதிருத்தகம் ஆகியவற்றோடு அஞ்சல் நிலையமும் அங்கு உண்டு. கடற்படைக் கப்பல்களில் அஞ்சல் எழுத்தர்களை அமர்த்த 1908ஆம் ஆண்டிலேயே அந்நாட்டுச் சட்டம் வழிசெய்தது.

கப்பல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆகவே முகவரியில் அது நிற்கும் துறைமுகமோ நாடோ இடம்பெறாது. பெறுபவர் பெயர், கப்பலின் பெயர், அதற்குரிய அஞ்சல் எண் ஆகியவையே எழுதப்படும். இதனால் கப்பல் இருக்குமிடமும் வெளிப்படாது. உள்நாட்டுக் கட்டணமே போதும். கரைக்கு வந்து சேரும் அஞ்சல் மூட்டைகளை விமானமோ, ஹெலிகாப்டரோ, பொருள் வழங்கும் கப்பலோ நடுக்கடலுக்குக் கொண்டு செல்கிறது. அங்கே எழுத்தர்கள் பிரிவு வாரியாகப் பிரித்து வழங்குகின்றனர்.

இன்று மின்னஞ்சல் உண்டு. எனினும் பாதுகாப்புக் கருதி அது நிறுத்தப்படும் வேளைகளும் உண்டு. மேலும், தாய் கைப்பட எழுதிய மடலையும் குழந்தை வரைந்த படத்தையும் தலையணைக்கு அடியில் வைத்துக்கொள்ளலாம் அல்லவா?

ஓர் எண் பிழைத்தாலும் அம்மடல் தாமதமாகலாம். தொலைவிலுள்ள பிள்ளைகளுக்கு எழுதும் நாமும் முகவரியைத் தெளிவாகவும் முழுமையாகவும் எழுதுவோமாக!