கம்ப்யூட்டருக்கு வீட்டிலேயே ஒரு வாட்டர் சில்லர்: எவ்வளவு குளிர் போதும்?

2018 ஜூன் மாதம், தைவானின் தைப்பே நகரில் கம்ப்யூடெக்ஸ் கண்காட்சி. 28 கோர் பிராசஸர் ஒன்றை 5 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் ஓடவிட்டுக் காட்டியது இன்டெல். பார்த்தவர்கள் அசந்துபோனார்கள். அந்த டெமோவுக்குப் பின்னால் இருந்த பெட்டி பற்றி அடுத்தடுத்த நாட்களில்தான் தெரியவந்தது. அது ஹைலியா கம்பெனியின் 1 குதிரைத்திறன் வாட்டர் சில்லர். பெரிய மீன் தொட்டிகளின் தண்ணீரைக் குளிரவைக்க விற்கிற சாமான்! பிராசஸரை ஓவர்கிளாக் செய்துதான் ஓட்டினோம் என்று இன்டெலும் பிறகு சொல்லிவிட்டது.

இந்தக் கதையைக் கேட்டதும் நம்ம ஆட்களுக்கு வரும் முதல் கேள்வி: "அந்தப் பெட்டியை நாமே செஞ்சா என்ன?" தாராளமா செய்யலாம். பழைய விண்டோ ஏசியிலும் செய்யலாம், வீட்டில் கிடக்கும் ஏர் கூலரிலும் செய்யலாம். ஆனா அதற்கு முன்னால் இன்னொரு கேள்விக்குப் பதில் தெரியணும்: எவ்வளவு குளிர் போதும்? இதற்குப் பதில் தெரியாமல் சில்லர் செய்தால், கம்ப்யூட்டர் சூட்டில் சாகாது, தண்ணீரில் சாகும்.

ரேடியேட்டர் எங்கே நின்றுவிடுகிறது?

சாதாரண வாட்டர் கூலிங்கில் என்ன நடக்கிறது? பிராசஸர் மேல் உட்கார்ந்திருக்கும் காப்பர் பிளாக் வெப்பத்தைத் தண்ணீருக்குக் கொடுக்கிறது. தண்ணீர் அதை ரேடியேட்டருக்குக் கொண்டுபோகிறது. ரேடியேட்டர் அறைக் காற்றில் கொட்டிவிடுகிறது. அவ்வளவுதான். வெப்பம் எங்கேயும் அழிவதில்லை, இடம் மாறுகிறது.

இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. எவ்வளவு பெரிய ரேடியேட்டர் போட்டாலும் தண்ணீர் அறை வெப்பநிலைக்குக் கீழே போகாது. அறை 35 டிகிரி என்றால், லோடில் தண்ணீர் 45 டிகிரி வரைக்கும் வரலாம். சிப்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு 40 டிகிரி வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால் பிராசஸர் 85-ல் நிற்கும். ஓவர்கிளாக் செய்ய இடமே இல்லை. தண்ணீரை 25-க்குக் கொண்டுவந்தால் அதே பிராசஸர் 65-க்கு இறங்கும். சில்லரின் வேலை இதுதான்.

முதலில் வாட் கணக்கு

நல்ல கேமிங் கம்ப்யூட்டர் ஒன்று லோடில் 400 வாட் வெப்பம் வெளியிடுகிறது என்று எடுத்துக்கொள்வோம். அந்த 400 வாட்டையும் நாள் முழுக்க வெளியேற்றிக்கொண்டே இருக்கக்கூடிய சாதனம் வேண்டும். இந்தக் கணக்கைப் போட்டாலே இரண்டு பிரபலமான யோசனைகள் அடிபட்டுப்போகும்.

ஒன்று, பழைய ஃபிரிட்ஜ். சிங்கிள் டோர் ஃபிரிட்ஜின் கம்ப்ரெஸர், சுவர் வழியாக உள்ளே கசியும் வெப்பத்தையும் நாம் வைக்கும் சாப்பாட்டின் சூட்டையும் மெதுவாக எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. அதன் திறன் சுமார் 100 வாட் அளவுதான். 400 வாட்டை உள்ளே விட்டால், கம்ப்ரெஸர் நிற்காமல் ஓடியும் தண்ணீர் சூடேறிக்கொண்டே போகும்.

இரண்டு, பெல்டியர். ஆன்லைனில் மலிவாகக் கிடைக்கும் டிஇசி1-12706 தகடு, நடைமுறையில் தான் கடத்தும் வெப்பத்தைவிட அதிகமான மின்சாரத்தைத் தின்னும். 400 வாட்டுக்குப் பத்துப் பதினைந்து தகடு வேண்டும். அவை குடிக்கும் கரன்டும் வெப்பமாகத்தான் மாறும், அதையும் சேர்த்து வெளியேற்ற இன்னொரு ரேடியேட்டர் வேண்டும். கைக்கு வராத கணக்கு.

வழி ஒன்று: பழைய விண்டோ ஏசி

1 டன் ஏசி என்றால் 3,517 வாட் வெப்பத்தை எடுக்கும் திறன். நம்ம தேவைக்கு எட்டு மடங்குக்கும் மேல். "அப்போ பிரமாதம்தானே?" என்று தோன்றும். பிரச்சினையே அந்த அதிகப்படியான திறனில்தான் இருக்கிறது.

விண்டோ ஏசியின் வெளிக்கூட்டைக் கழற்றினால், அறைப் பக்கம் இருக்கும் எவாப்பரேட்டர் காயில் தெரியும். அதைக் கவனமாக முன்னால் இழுத்து, தெர்மகோல் போர்த்திய ஒரு தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கவேண்டும். கேஸ் ஓடும் காப்பர் பைப்பை மெதுவாக, பெரிய வளைவாக வளைக்கலாம். மடங்கினாலோ விரிசல் விட்டாலோ எல்லா கேஸும் வெளியே போய்விடும். அதனால் இந்த ஒரு வேலைக்கு மட்டும் அனுபவமுள்ள ஏசி மெக்கானிக்கைக் கூட வைத்துக்கொள்ளுங்கள். விண்டோ ஏசியில் ஒரே மோட்டாரின் இரண்டு முனைகளில்தான் இரண்டு ஃபேன்களும் மாட்டியிருக்கும். உள்பக்க பிளோயரைக் கழற்றலாம், ஆனா மோட்டார் ஓடியாக வேண்டும், கண்டென்ஸருக்குக் காற்று போகவேண்டுமே.

இப்போது தொட்டியின் அளவு. ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி மாற்ற 4.18 கிலோஜூல் வேண்டும். ஏசி 3.5 கிலோவாட் எடுக்கிறது, கம்ப்யூட்டர் 0.4 கிலோவாட் கொடுக்கிறது, மிச்சம் 3.1 கிலோவாட்.

10 லிட்டர் தொட்டி: 4 டிகிரி குறைக்க சுமார் 54 நொடி. ஒரு நிமிடம்கூட ஓடாமல் கம்ப்ரெஸர் நின்றுவிடும், ஏழு நிமிடத்தில் மறுபடி கிளம்பும். நாள் முழுக்க இப்படி ஆன், ஆஃப் ஆனால் கம்ப்ரெஸர் தாங்காது.

40 லிட்டர் தொட்டி: அதே 4 டிகிரிக்கு மூன்றரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். அதன்பிறகு கம்ப்யூட்டர் அந்தத் தண்ணீரை மறுபடி 4 டிகிரி சூடாக்க 28 நிமிடம் ஆகும்.

அதனால் தொட்டி பெரிதாக இருப்பது நல்லது. கட்டுப்பாட்டுக்கு எஸ்டிசி-1000 டெம்பரேச்சர் கன்ட்ரோலர் போதும். எந்த வெப்பநிலையில் நிறுத்துவது, எத்தனை டிகிரி ஏறினால் மறுபடி ஆரம்பிப்பது, நின்ற கம்ப்ரெஸரை எத்தனை நிமிடம் கழித்து அனுமதிப்பது என மூன்றையும் அதில் செட் செய்யலாம். கடைசியதைக் குறைந்தது 3 நிமிடம் வையுங்கள். அதன் ரிலே 10 ஆம்பியருக்கானது. கம்ப்ரெஸர் கிளம்பும்போது இழுக்கும் கரன்ட் அதைவிடப் பல மடங்கு அதிகம், ஆகவே இடையில் ஒரு கான்டாக்டர் கட்டாயம். தொட்டிக்குள் ஒரு சின்ன பம்ப் தண்ணீரைக் கலக்கிக்கொண்டே இருக்கவேண்டும், இல்லாவிட்டால் காயிலைச் சுற்றி ஐஸ் கட்டிவிடும்.

உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்: ஏசியில் இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் சார்ஜை வைத்திருக்கும். டிஸ்சார்ஜ் செய்யாமல் கை வைக்கக்கூடாது. 230 வோல்ட்டும் தண்ணீரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் அமைப்பு இது. சரியான எர்த்தும், 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியும் இல்லாமல் சுவிட்சைப் போடவே கூடாது.

வில்லன் பெயர் ட்யூ பாயிண்ட்

சில்லர் ரெடி. கன்ட்ரோலரில் எத்தனை டிகிரி வைப்பது? 5? 10?

ஐஸ் வாட்டர் பாட்டிலை மேஜையில் வைத்தால் வெளியே முத்து முத்தாகத் தண்ணீர் நிற்கும், பார்த்திருப்பீர்கள். காற்றில் இருக்கும் நீராவி எந்த வெப்பநிலையில் தண்ணீராக மாற ஆரம்பிக்கிறதோ அதுதான் ட்யூ பாயிண்ட், தமிழில் பனிநிலை. அதற்குக் கீழே இருக்கும் எந்தப் பரப்பும் வியர்க்கும். அந்தப் பரப்பு பாட்டிலாக இருந்தால் மேஜை நனையும். பிராசஸர் சாக்கெட்டின் பின்பக்கமாக இருந்தால் மதர்போர்டு போச்சு.

"கேபினட்டுக்குள்ளே சூடாத்தானே இருக்கு, அங்கே எப்படி வியர்க்கும்?" என்று சிலர் கேட்பார்கள். காற்றைச் சூடாக்கினால் ஒப்பு ஈரப்பதம் குறையும், ஆனா அதில் இருக்கும் நீராவியின் அளவு மாறாது. ஆகவே ட்யூ பாயிண்டும் மாறாது. குளிர்ந்த பைப் அங்கேயும் வியர்க்கும்.

கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. ஈரப்பதம் 50 சதவீதத்துக்கு மேல் இருக்கும்போது, 100-லிருந்து குறையும் ஒவ்வொரு 5 சதவீதத்துக்கும் அறை வெப்பநிலையில் 1 டிகிரி கழியுங்கள். கடலோரச் சென்னையில் 34 டிகிரி, 70 சதவீதம் என்றால் 30-ஐ 5-ஆல் வகுக்க 6. 34-ல் 6 போக 28. அதாவது ஃபேன் மட்டும் ஓடும் அறையில் 28 டிகிரித் தண்ணீரே வியர்க்கத் தொடங்கிவிடும்! அதே இடத்தில் ஏசி போட்டு 25 டிகிரி, 50 சதவீதம் என்று வைத்தால் ட்யூ பாயிண்ட் 14 பக்கம் இறங்கிவிடும்.

ஆகவே கன்ட்ரோலரில் வைக்கவேண்டிய எண் ட்யூ பாயிண்டுக்கு 2 டிகிரி மேலே. ஒரு டிஹெச்டி22 சென்சரும் ஆர்டுயினோவும் இருந்தால் இதைத் தானாகவே கணக்கிட்டு மாற்றிக்கொள்ளச் செய்யலாம், மினி புராஜெக்ட்டும் ஆச்சு. அதற்குக் கீழே போயே ஆகணும் என்பவர்கள், ஏசி பைப்பில் சுற்றும் கருப்பு ஃபோமை டியூப், பிளாக், சாக்கெட்டின் முன்பக்கம், பின்பக்கம் என்று காற்று புகாமல் சுற்றவேண்டும். ஊசி முனை இடைவெளி போதும், உள்ளே போன ஈரம் வெளியே வராது.

வழி இரண்டு: ஏர் கூலர்

இப்போது நம்ம மண்பானைக்கு வருவோம். பானையின் மேல் கசியும் நீர் ஆவியாகும்போது உள்ளுறை வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது, மிச்சத் தண்ணீர் குளிர்கிறது. ஏர் கூலரின் ஹனிகோம்ப் பேடில் நடப்பதும் இதேதான். அதன் டப்பில் இருக்கும் தண்ணீர், ஈரக்குமிழ் வெப்பநிலை என்ற எல்லையை நெருங்கும், அதற்குக் கீழே போகாது.

இதில்தான் அழகு இருக்கிறது. எந்த ஊராக இருந்தாலும், எந்த நாளாக இருந்தாலும் ஈரக்குமிழ் வெப்பநிலை ட்யூ பாயிண்டுக்குக் கீழே போகவே போகாது. அந்தக் காற்றில் குளிர்ந்த தண்ணீரால் அதே காற்றில் எந்த பைப்பையும் வியர்க்க வைக்க முடியாது. சென்சர் வேண்டாம், ஃபோம் வேண்டாம். பாதுகாப்பு இயற்பியலிலேயே இருக்கிறது.

38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் உள்ள வறண்ட மதியத்தில் ஈரக்குமிழ் வெப்பநிலை சுமார் 24, ட்யூ பாயிண்ட் 17. டப் தண்ணீர் 27 அளவுக்கு வரும். சென்னையின் 34 டிகிரி, 70 சதவீதத்தில் ஈரக்குமிழ் 29, டப் 32 பக்கம்தான். ஏர் கூலர் உள்மாவட்டங்களில் ஜில்லென்று இருப்பதும் கடற்கரையில் கசகசப்பதும் இதனால்தான்.

செய்முறை எளிது. பத்து மீட்டர் மெல்லிய காப்பர் பைப்பைச் சுருளாக்கி டப்புக்குள் மூழ்க வையுங்கள். கம்ப்யூட்டரின் கூலன்ட் அந்தச் சுருளுக்குள் மட்டும் ஓடும். டப் தண்ணீரைவிட அது 4, 5 டிகிரி அதிகமாக இருக்கும். அப்படிப் பார்த்தாலும் வறண்ட ஊரில் 32 டிகிரி, சென்னையில் 37 டிகிரி. ரேடியேட்டராக இருந்தால் முறையே 48, 44 என்று நின்றிருக்கும். கூலரை ஜன்னலுக்கு வெளியே வையுங்கள், அறைக்குள் வைத்தால் அறையின் ஈரப்பதம் ஏறி எல்லாக் கணக்கும் கெடும். 400 வாட்டுக்கு மணிக்குச் சுமார் 600 மில்லி தண்ணீர் ஆவியாகும். வெளிக்காற்றின் சூட்டுக்கும் கொஞ்சம் சேர்த்துப் போகும், அதனால் டப்பை அவ்வப்போது நிரப்பணும். வாரம் ஒருமுறை முழுக்கக் கொட்டிக் கழுவுவதும் முக்கியம். உப்பு படியும், டெங்கு கொசுவுக்கும் அந்தத் தெளிந்த தண்ணீர்தான் பிடிக்கும்.

இரண்டுக்கும் பொதுவான சில விதிகள்

டப் அல்லது தொட்டித் தண்ணீரும் கம்ப்யூட்டருக்குள் ஓடும் கூலன்ட்டும் கலக்கவே கூடாது. போர் தண்ணீரின் உப்பு, பிளாக்கின் நுண்ணிய வழிகளை அடைத்துவிடும். கம்ப்யூட்டர் சுற்றில் டிஸ்டில்டு வாட்டரும் அரிப்புத்தடுப்பானும் மட்டும்.

காப்பர் பிளாக்குடன் அலுமினிய ரேடியேட்டரை ஒரே சுற்றில் சேர்க்காதீர்கள், அலுமினியம் அரித்துப்போகும். ஏசி காயிலில் காப்பர் பைப்பும் அலுமினியத் தகடுகளும் சேர்ந்தே இருக்கும் என்பதால், அந்தத் தொட்டியில் கார் ரேடியேட்டர் கூலன்ட் கலக்கவேண்டும். அதில் எத்திலீன் கிளைக்கால் இருக்கும். இனிப்புச் சுவை, ஆனா விஷம். மூடி போட்டு, குழந்தைகளும் நாய் பூனைகளும் வராத இடத்தில் வையுங்கள்.

கம்ப்யூட்டரை மாட்டுவதற்கு முன் 24 மணி நேரம் வெறும் பம்பை மட்டும் ஓடவிட்டு, ஒவ்வொரு இணைப்பிலும் டிஷ்யூ பேப்பர் சுற்றிக் கசிவு பாருங்கள்.

சரி, எதைச் செய்யலாம்?

மேடையில் சாதனை படைக்கப் போகிறவர்களுக்கு ஏசி சில்லர். மே மாதத்தில் ரெண்டர் போடும்போது கம்ப்யூட்டர் தானாக வேகம் குறைக்காமல் இருந்தால் போதும் என்பவர்களுக்கு, வறண்ட ஊர் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏர் கூலர். கடலோரம் என்றால் செலவைப் பார்த்து முடிவெடுங்கள். நல்ல ரேடியேட்டரைவிட 7 டிகிரி லாபம் கிடைக்கும், அதற்கு வாராவாரம் டப் கழுவ நீங்கள் தயாரா என்பதுதான் கேள்வி.

கூடவே இதையும் மனதில் வையுங்கள். ஜெர்மனியில் மியூனிக் அருகே 2012-ல் ஓடத் தொடங்கிய சூப்பர்எம்யூசி என்ற சூப்பர் கம்ப்யூட்டர், 45 டிகிரி வரைக்குமான வெதுவெதுப்பான தண்ணீரிலேயே குளிரும்படி வடிவமைக்கப்பட்டது. வெளியேறும் அந்தச் சூட்டைக் கொண்டு குளிர்காலத்தில் கட்டிடத்தையும் வெதுவெதுப்பாக வைத்தார்கள். 95, 100 டிகிரி வரை தாங்கும் சிப்புக்கு 45 டிகிரித் தண்ணீரே குளிர்தான். அதனால் பார்ட்ஸ் வாங்கக் கிளம்பும் முன், நூறு இருநூறு ரூபாய்க்கு ஒரு ஈரப்பத மீட்டர் வாங்கி உங்கள் அறையில் ஒரு வாரம் மாட்டிப் பாருங்கள். என்ன செய்யலாம் என்பதை அந்த எண்ணே சொல்லிவிடும்.