செகண்ட் ஹேண்ட் மதர்போர்டு: ஃபார்மட் பண்ணினா போதுமா?

ரிச்சி ஸ்ட்ரீட்ல ஒரு பழைய மதர்போர்டு பாதி விலைக்குக் கிடைக்குதுன்னு வைங்க. "விண்டோஸைப் புதுசா போட்டுட்டா எல்லாம் சுத்தமாயிடும்"னுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அது உண்மையா?

பார்ட்ஸ் வாங்கும்போது ஒரே ஒரு கேள்வி கேளுங்க: பவரை நிறுத்தினாலும் இதுக்குள்ள ஏதாவது தங்குமா? ரேம்ல தங்காது, பெருசா பயப்பட வேண்டாம். எஸ்எஸ்டில தங்கும், உள்ளே என்ன இருக்குன்னு திறந்து பார்க்காம முழுசா அழிச்சிடுங்க.

மதர்போர்டுதான் பலரும் கவனிக்காத இடம். கம்ப்யூட்டரை ஆன் பண்ணினதும் முதல்ல ஓடுற பயாஸ், போர்டுலயே ஒரு சின்ன ஃபிளாஷ் சிப்ல இருக்கு. நீங்க டிஸ்க்கை ஃபார்மட் பண்ணினாலும், புது டிஸ்க்கே மாட்டினாலும், அந்தச் சிப் அப்படியேதான் இருக்கும்.

2018-ல ஈசெட் நிறுவனம் கண்டுபிடிச்ச லோஜாக்ஸ் ஒளிஞ்சிருந்தது இந்தச் சிப்லதான். ஒவ்வொரு முறை பூட் ஆகும்போதும் விண்டோஸுக்குள்ள தன்னைத் திரும்ப எழுதிக்கும். அது ஐரோப்பாவில் அரசு அமைப்புகளைக் குறிவைத்த உளவு வேலை. பழைய பார்ட்ஸ் வழியா பரவினது இல்லை. ஆனா ஃபார்மட்டால போகாத வைரஸ் உண்டுன்னு அது காட்டிடுச்சு.

அப்போ வாங்கவே கூடாதா? வாங்கலாம். போர்டு தயாரிச்ச கம்பெனியோட தளத்துல இருந்து, நம்பிக்கையான வேற கம்ப்யூட்டர்ல பயாஸை டவுன்லோடு பண்ணி, பென் டிரைவ் மூலமா ஏத்துங்க. செக்யூர் பூட்டை ஆன் பண்ணுங்க. பேங்க் பாஸ்வேர்டெல்லாம் அதுக்கப்புறம்தான்.