மொரிஸ் மைனர் கியர்பெட்டி: வார்ப்பினால் வகையறிதல்

கல்வெட்டொன்றின் காலத்தை அதன்கண் வரும் அரசன் பெயரைக் கொண்டு மட்டும் அறிஞர் துணிவதில்லை. எழுத்தின் வரிவடிவத்தை நோக்குவர். பின்வந்தோர் அக்கல்லிலே சேர்த்த வரிகள் உளவோ எனவும் ஆராய்வர். பழைய மோட்டார் வண்டியின் உறுப்புக்களை இனங்காண முயல்வோர்க்கும் இம்முறையே உற்ற துணையாகும்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் இவ்வாராய்ச்சி வெறும் பொழுதுபோக்கு அன்று. 1960களில் அந்நியச் செலாவணி நெருக்கடியால் கார் இறக்குமதி குறுகியது. ஆகவே முன்னர் வந்திருந்த மொரிஸ் மைனர், ஒஸ்ரின் முதலிய வண்டிகளே நெடுங்காலம் உழைக்க வேண்டியவாயின. 1990இன் பின் ஏற்பட்ட பொருளாதாரத் தடையின்போது, சில துளி பெற்றோல் விட்டுப் பொறியைக் கிளப்பி, மண்ணெண்ணெயில் அவற்றை ஓட்டினர். உதிரிப்பாகம் வராத அந்நாளில் ஒரு வண்டியைக் கழற்றித்தான் மற்றொன்றை ஓட வைக்க முடிந்தது. எனவே உரும்பிராயில் ஒருவர் வாங்கும் மைனரின் உடல் ஓராண்டினதாகவும், பொறி வேறோராண்டினதாகவும், கியர்பெட்டி இவ்விரண்டுக்கும் ஒவ்வாததாகவும் இருக்கக் கூடும்.

இலக்கத்தகடு இங்கு உதவாது. அதில் சிங்கள ஶ்ரீ எழுத்து இருப்பின், அத்தகடு அவ்வெழுத்து வழக்குக்கு வந்த 1957க்கு முற்பட்டதன்று எனலாம், அவ்வளவே. வண்டியின் அடியில் இருப்பது யாது என்பதை அது கூறாது.

மைனர் 1948இல் வெளிவந்தது. 1952இல் 803 கன சென்ரிமீற்றர் பொறியும், 1956இல் 948 பொறியும், 1962இல் 1098 பொறியும் அதற்கு அமைந்தன. 803 பொறியுடன் வந்த கியர்பெட்டியில் நீண்ட கியர்க்கோல் பெட்டியின் மேலேயே நேராக நிற்கும். 948இல் பெட்டியின் பின்புறமாக நீட்டிய தனி வார்ப்பொன்றின் மேல் குறுகிய கோல் அமைந்தது. இவ்வேறுபாட்டை வண்டிக்குள் இருந்தபடியே கண்டுகொள்ளலாம். 948 பெட்டியையும் 1098 பெட்டியையும் பிரித்தறிவதே கடினம். இரண்டிலும் கோல் குறுகியதே.

இதற்கு விடை வண்டியின் அடியிலேயே உண்டு. 948க்குரிய பெட்டியின் அலுமினிய உடல் பெரும்பாலும் வழவழப்பானது. 1098க்குரியதன் உடலிலோ விலாவெலும்பு போன்ற வரம்புகள் புடைத்து நிற்கும். எண்ணெயும் செம்மண்ணும் கலந்து விரற்கடை கனத்துக்குப் படிந்திருந்தாலும், கையால் தடவிப் பார்த்தே இவ்வரம்புகளை உணரலாம்.

இவ்வரம்புகள் அழகுக்காக அமைந்தன அல்ல. 948 பொறியின் வலு 37 குதிரைவலு. 1098இன் வலு 48. முறுக்கமும் 50 அடி இறாத்தலிலிருந்து 60ஆக உயர்ந்தது. பற்சில்லுகள் ஒன்றையொன்று தள்ளும் விசையால் பெட்டியின் சுவர் சிறிது வளைந்தாலும், அச்சுத்தண்டுகள் இணைநிலை தவறும், பற்கள் ஓரத்திலே தேயும், இரைச்சல் எழும். சுவர் முழுவதையும் தடிப்பாக்கினால் பாரமும் உலோகச் செலவும் கூடும். வரம்பிட்டு வார்ப்பதனால் குறைந்த உலோகத்தைக் கொண்டே வளையாத உறுதி பெறலாம். தென்னோலை தன் நடு ஈர்க்கினால் நிமிர்ந்து நிற்பதும் இவ்வாறே.

உள்ளமைப்பிலும் மாற்றம் உண்டு. இரண்டிலும் முதற் கியருக்கு வேகத்தை ஒப்பாக்கும் அமைப்பு இல்லை. ஏனைய மூன்று கியர்களுக்கும் வரம்புப் பெட்டியில் தடைவளையங்கள் உள. சில்லின் வேகமும் தண்டின் வேகமும் ஒத்துவரும் வரை பற்கள் கூடாதபடி இவை தடுக்கும். வழவழப்பான பெட்டியில் இத்தடை இல்லை. அவசரக் கை கோலைத் தள்ளினால் பற்கள் உரசும்.

வகை தெரியாது பெட்டியை வாங்குவோர் இடர்ப்படுவது கிளச்சிலேதான். முன்னையதன் கிளச் 6¼ அங்குல விட்டமுடையது. பின்னையது 7¼ அங்குலம். 1098க்குரிய பின்தட்டும், பாரச்சில்லும், கிளச்சும் உடன் கிடைத்தாலன்றி, வரம்புப் பெட்டியை 948 பொறியோடு இணைக்க முயல்வது வீண்செலவாகும். முறையாக இணைத்தால் அது நல்ல மாற்றமே. அதனைக் குற்றமென்று பழிப்பது, கிடைத்ததைக் கொண்டு வண்டியை ஓடவைத்த பட்டறைத் தொழிலாளரின் அறிவை மதியாமையாகும்.

வரம்பு ஒன்றையே நம்புதலும் தவறு. ஒஸ்ரின் ஹீலி ஸ்பிரைட் எனும் சிறு விளையாட்டுக் காருக்கும் இவ்விரு வகைப் பெட்டிகளும் அமைந்தன. ஆயின் மைனரின் கிளச்சை மிதியிலிருந்து வரும் இரும்புக் கோல்கள் இயக்கும். ஸ்பிரைட்டின் கிளச்சை எண்ணெயழுத்தம் இயக்கும். ஆதலால் கிளச்சை மூடும் மணிவடிவப் பகுதியில் எண்ணெய் உருளை பொருந்தும் இடம் உண்டோ எனப் பார்த்தல் வேண்டும்.

இனி, பெட்டியின் மேலுள்ள எண்கள். புடைத்து நிற்பவை அச்சிலேயே இருந்து வார்ப்போடு பிறந்தவை. பள்ளமாக இருப்பவை வார்த்தபின் வெட்டியவை. புடைத்த எண் வார்ப்புக்கே உரியது. நிறைவெய்திய பெட்டிக்கு உரியதன்று. ஒரே வார்ப்பைப் பலவாறு கடைந்து பல வண்டிகளுக்கு ஆக்கலாம். பள்ள எண்ணோ எவராலும் எந்நாளும் வெட்டப்படத் தக்கது. வரம்பும் எண்ணும் உடலைப் பற்றியே சான்று பகரும். உள்ளிருக்கும் சில்லுகளின் நிலையை மூடியைத் திறந்தே காணல் வேண்டும். விலை பேசுமுன் அதனைத் திறந்து காட்டும்படி விற்போரைக் கேட்பதில் பிழையில்லை.