வயிற்றுக்குள் ஒரு கை

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்கும் அனல் மின் நிலையத்துக்கும் மீஞ்சூரிலிருந்து தினக்கூலிக்குப் போகிறவருக்குப் படுத்த நாளுக்குச் சம்பளம் கிடையாது. அதனால் குடலில் கட்டி என்று டாக்டர் சொன்னதும், 'ஓப்பன் ஆபரேஷனா, லேப்ராஸ்கோபியா?' என்ற கேள்வி வீட்டில் எழுந்துவிடும். பெருங்குடலைப் பொறுத்தவரை மூன்றாவதாகவும் ஒரு வழி இருக்கிறது: கேமராவோடு டாக்டரின் ஒரு கையும் வயிற்றுக்குள் போகும்.

சிறு துளைகள் வழியே கேமராவையும் கருவிகளையும் செலுத்திச் செய்வது லேப்ராஸ்கோபி. இந்தியாவில் 1990-ல் இம்முறையில் பித்தப்பையை அகற்றிக் காட்டியவர் மும்பை ஜே.ஜே. மருத்துவமனையின் டாக்டர் டெஹம்டன் உத்வாடியா. சில ஆண்டுகளில் கோவையில் டாக்டர் சி.பழனிவேலு இந்தச் சிகிச்சையைத் தமிழகத்தில் பரவலாக்கினார். பித்தப்பை சின்னது, துளை வழியாகவே வந்துவிடும். பெருங்குடலோ ஏறக்குறைய ஒன்றரை மீட்டர். வெட்டிய பகுதியை வெளியே எடுக்க, எப்படியும் நாலைந்து சென்டிமீட்டர் கீறியாக வேண்டும்.

கடைசியில் போடப்போகிற கீறலைக் கொஞ்சம் பெரிதாக்கி முதலிலேயே போட்டுவிட்டால் என்ன? கை உதவி முறை பிறந்தது இப்படித்தான். அளவுக்கு ஒரு எளிய கணக்கு உண்டு: டாக்டரின் க்ளவுஸ் சைஸ் ஏழு என்றால் கீறல் ஏழு சென்டிமீட்டர். அதில் வளையம் போன்ற ஒரு சாதனத்தைப் பொருத்துவார்கள். வயிற்றை உப்ப வைத்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு கசியாதபடி அது கையை இறுகக் கவ்விக்கொள்ளும். ரத்தக்குழாய் எங்கே துடிக்கிறது, கட்டி எதுவரை பரவியிருக்கிறது என்பதை விரல் தடவியே அறியும். ரத்தம் பீறிட்டால் அந்த விரலாலேயே அழுத்திப் பிடிக்கலாம்.

குறைகளும் உண்டு. உள்ளே போன கை கேமராவை மறைக்கும். வெகுநேரம் மடங்கியிருப்பதால் மரத்தும்போகும். சாதனத்துக்குத் தனிச் செலவு.

கை உதவி முறையையும் வழக்கமான லேப்ராஸ்கோபியையும் ஒப்பிட்டு அமெரிக்காவில் 95 நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2008-ல் வெளியானது. இடப்பக்கக் குடல் ஆபரேஷனில் கை உதவி முறை சராசரியாக 33 நிமிடம் மிச்சப்படுத்தியது. நோயாளி தேறிய வேகத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. லேப்ராஸ்கோபி செய்தால் புற்றுநோய் திரும்பி வருமோ என்ற பயத்துக்கு அதற்கு முன்பே, 2004-ல், பதில் கிடைத்திருந்தது: 872 பேரிடம் நடந்த ஆய்வில் ஓப்பனும் லேப்ராஸ்கோபியும் ஏறத்தாழ ஒரே முடிவைத் தந்தன.

கட்டி பெரிதாக இருந்தாலோ, பழைய ஆபரேஷனால் குடல் ஒட்டிக்கிடந்தாலோ, வயிற்றை முழுக்கத் திறப்பதைத் தவிர்க்க இந்தக் கை உதவக்கூடும். எந்த முறையானாலும், தழும்பு வழியே குடல் பிதுங்காமலிருக்கச் சில வாரங்கள் பாரம் தூக்கக் கூடாது. சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் டாக்டரிடம் இரண்டு விஷயம் கேட்கலாம்: இந்த முறையில் அவருக்கு எவ்வளவு பழக்கம்? நடுவில் ஓப்பனுக்கு மாற வேண்டிவந்தால் கீறல் எவ்வளவு நீளும்?