டிரக்: வழக்கொழிந்த ஒரு வணிகச் சொல்

சரக்கேற்றும் வண்டியைக் குறிக்க இன்று வழங்கும் ‘டிரக்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு, அதே எழுத்திலும் ஒலிப்பிலும், வண்டியோடு தொடர்பற்ற வேறொரு பொருள் பல நூற்றாண்டுகள் இருந்துவந்தது. பழைய பிரெஞ்சிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்த அச்சொல் பண்டமாற்றைக் குறித்தது. வண்டிப் பெயரோ சக்கரத்தைச் சுட்டும் கிரேக்க வேரிலிருந்து கிளைத்ததாகக் கருதப்படுகிறது. ஆதம் ஸ்மித் 1776இல் வெளியிட்ட ‘நாடுகளின் செல்வம்’ நூலில், பொருள்களை மாற்றிக்கொள்ளும் மனித இயல்பைச் சொல்ல அடுக்கிய மூன்று வினைச்சொற்களில் முதலாவது இதுவே.

ஸ்மித் கண்ட டிரக் இருவரும் மனமொப்பிச் செய்வது. பிரிட்டானியத் தொழிலாளர் கண்டதோ, கூலியைக் காசாகத் தராமல் சரக்காகத் தரும் ‘டிரக் முறை’. சுரங்கங்களிலும் இரும்பாலைகளிலும் உழைத்தவர்கள், முதலாளியின் ஆதாயத்துக்காக நடந்த ‘டாமி ஷாப்’ என்னும் கடைகளில், பெரும்பாலும் வெளிச்சந்தையைவிடக் கூடுதல் விலைக்கு, தம் கூலியைப் பொருளாகப் பெறவேண்டியிருந்தது. ஸ்காட்லாந்துக்கு வடக்கேயுள்ள ஷெட்லாந்து தீவுகளின் நிலையை 1872ஆம் ஆண்டின் அரசு விசாரணை அறிக்கை விரிவாகப் பதிவுசெய்தது. அங்கே கம்பளிச் சால்வை பின்னிய பெண்களுக்குக் கடைக்காரர்கள் தேயிலையையும் துணியையும் கொடுத்தார்களே ஒழியக் காசு கொடுப்பது அரிது. வீட்டில் கஞ்சிக்கு மாவில்லாதவள் அத்தேயிலையை அக்கம்பக்கத்தாரிடம் கொடுத்து மாவு வாங்கினாள். ஒரு பண்டமாற்றின் இழப்பை ஈடுகட்ட இன்னொரு பண்டமாற்று! இதை வணிகம் என்பதைவிடக் கட்டாயம் என்பதே பொருந்தும்.

குறிப்பிட்ட தொழில்களில் கூலியை நாணயமாகவே தரவேண்டும் என்று 1831இல் இயற்றப்பட்ட ‘டிரக் சட்டம்’, வீட்டுப் பணியாளரையும் பண்ணையாட்களையும் விட்டுவிட்டது. 1887ஆம் ஆண்டின் திருத்தமே அதை உடலுழைப்பாளர் பெரும்பாலோருக்கும் விரித்ததுடன், வீட்டிலிருந்தபடி பின்னியும் நெய்தும் விற்ற சிறு பொருள்களின் விலையையும் கூலிக்கு இணையாக்கிக் காசாகத் தரச்செய்தது. பின்னற்காரிகளுக்கு இது தாமதமாக வந்த நீதி.

இச்சட்டங்கள் 1986இல் நீக்கப்பட்டன. ஒருவரோடு எந்தக் கொடுக்கல்வாங்கலும் வேண்டாம் என்று மறுக்கும் மரபுத்தொடரில் ‘டிரக்’ என்ற அச்சொல் இன்றும் பேச்சில் எஞ்சியிருக்கிறது. அமெரிக்காவில் சந்தைக்கென்று காய்கறி விளைவிக்கும் தோட்டத்தை ‘டிரக் பண்ணை’ என்பர். மோட்டார் லாரிகள் வருவதற்கு முன்பே வழங்கிய அப்பெயரும் இந்தப் பண்டமாற்றுச் சொல்லிலிருந்து வந்ததே.