வளர்த்தியாக வாங்கிய மட்டை

பள்ளி திறக்கும் முன் பிள்ளைகளுக்குச் சீருடை எடுக்கும்போது ஓர் அளவு கூட்டி எடுப்பது நம் குடும்பங்களின் பழைய வழக்கம். 'வளர்கிற பிள்ளைதானே, அடுத்த ஆண்டும் ஆகும்' என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். சட்டைக்கு இந்தக் கணக்கு பொருந்தும்; கையை மடித்துவிட்டால் போதும். முப்பத்தைந்து ஆண்டுகள் பொருளியல் கற்பித்த நான் இதே கணக்கை ஓர் ஐஸ் ஹாக்கி மட்டைக்கும் போட்டுப் பார்த்தேன். விளைவு, பத்து வயதுப் பேரன் விளையாட்டையே விட்டுவிடுகிறேன் என்று சொல்லும் நிலை வந்தது.

மகளின் குடும்பம் கனடாவில் டொராண்டோவுக்கு அருகே வசிக்கிறது. அங்கே குளிர்காலம் என்றால் ஹாக்கி. நம் தெருக்களில் கிரிக்கெட் எப்படியோ அப்படி. பேரனின் பிறந்தநாளுக்கு நானே கடைக்கு அழைத்துச் சென்று மட்டை வாங்கித் தந்தேன். இரண்டு கொள்கைகளின்படி தேர்ந்தெடுத்தேன்: விலை உயர்ந்தது தரமானது, பெரியது நீண்ட நாள் உழைக்கும். இரண்டுமே தவறு என்பதை விளக்கவே இக்கட்டுரை.

முதலில் மட்டையின் அமைப்பு. நாம் அறிந்த புல்தரை ஹாக்கி மட்டையின் வளைந்த முனை இதில் கிடையாது. நீண்ட தண்டு ஒன்று. அதன் கீழே கோணமாகப் பொருத்தப்பட்ட தட்டையான பகுதி. இதைப் பிளேடு என்பார்கள். தண்டோடு சேரும் இடம் குதி, மறுமுனை நுனி. அடிக்கப்படுவது பந்தன்று, மூன்று அங்குல விட்டமும் ஓர் அங்குலத் தடிமனும் கொண்ட கெட்டி ரப்பர் வட்டு. எடை ஏறத்தாழ 160 கிராம். அந்தப் பனித்தளத்தில் அது வரும் வேகத்தைப் பார்த்த பிறகுதான் தலைக்கவசத்தின் முன்னே கம்பிக்கூண்டு ஏன் என்பது எனக்குப் புரிந்தது.

நீளத்துக்கு எளிய வழி ஒன்று உண்டு. வெறுங்காலில் நின்று, பிளேடின் நுனி தரையில் படும்படி மட்டையைச் செங்குத்தாக நிறுத்தினால் அதன் தலை மூக்களவு வர வேண்டும். சறுக்குக் காலணி அணிந்தபின் அதே மட்டை மோவாயளவு நிற்கும். இது தொடக்கப்புள்ளி மட்டுமே. வட்டைக் காலருகே வைத்து லாவகமாகக் கொண்டுசெல்ல விரும்புபவர் சற்றுக் குட்டையாகவும், எதிரியின் வட்டை எட்டித் தட்டிவிட வேண்டிய தடுப்பாட்டக்காரர் சற்று நீளமாகவும் வைத்துக்கொள்வார்கள். வட அமெரிக்காவின் தொழில்முறைப் போட்டியான என்.எச்.எல். விதியில் தண்டின் நீளத்துக்கு 63 அங்குலம் உச்சவரம்பு. ஆறரை அடிக்கு மேற்பட்ட உயரம் உள்ளவர் தனி அனுமதி பெற்று 65 அங்குலம் வரை வைத்துக்கொள்ளலாம்.

மட்டை நீளமாக இருந்தால் சிறுவன் என்ன செய்வான்? மேல் கையை உடலிலிருந்து விலக்கி உயர்த்திக்கொள்வான். அல்லது முழங்காலை மடக்காமல் நிமிர்ந்து நிற்பான். நிமிர்ந்து சறுக்குபவன் எளிதில் விழுவான். பேரன் விழுந்துகொண்டேயிருந்தான். பயிற்சியாளர், 'குனிந்து ஆடு' என்று கத்திக்கொண்டேயிருந்தார். அவன் குனியாததற்குக் காரணம் சோம்பலன்று, நான் கொடுத்த மட்டை.

ஆனால் நீளத்தைவிடப் பெரிய பிழை வேறிடத்தில் இருந்தது. தண்டின் மேல் ஓர் எண் அச்சிடப்பட்டிருக்கும். அதை ஃபிளெக்ஸ் என்கிறார்கள். வளைதிறன் எண் என்று நாம் சொல்லலாம். ஒரு மீட்டர் அளவுள்ள தண்டை நடுவில் ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை தேவை என்பதே அந்த எண். எண் கூடினால் தண்டு விறைப்பானது. சிறுவர் மட்டைகள் இருபது முப்பதில் தொடங்கும். பெரியவர்களுக்கானவை எழுபதிலிருந்து நூறைத் தாண்டியும் கிடைக்கும்.

இந்த எண்ணுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்? வலுவாக அடிக்கும்போது ஆட்டக்காரர் வட்டை நேரடியாக அடிப்பதில்லை. வட்டுக்குச் சற்று முன்னால் பனித்தளத்தில் பிளேடை மோதி அழுத்துகிறார். தண்டு வில்லைப்போல் வளைகிறது. வளைவில் சேர்ந்த ஆற்றல் தண்டு நிமிரும் கணத்தில் வட்டுக்குப் பாய்கிறது. அதாவது, மட்டை ஒரு வில். தன்னால் வளைக்க முடியாத வில்லை ஏந்தியவனுக்கு அது வெறும் கழி. ஆறடி ஒன்பது அங்குல உயரம் கொண்ட ஸ்டெனோ சாரா 2012-இல் என்.எச்.எல். திறன் போட்டியில் மணிக்கு 108.8 மைல் வேகத்தில் வட்டை அடித்தார். அவர் மட்டை மிக விறைப்பானது என்பது பரவலாகத் தெரிந்த செய்தி. அந்த உடலுக்கு அது வளைந்தது, அவ்வளவுதான்.

சாதாரணமாகச் சொல்லப்படும் விதி: உடல் எடையைப் பவுண்டில் எடுத்து அதில் பாதி. பேரன் 32 கிலோ, அதாவது ஏறக்குறைய 70 பவுண்டு. அவனுக்கு 35 போதும். நான் வாங்கியது 55. அதோடும் முடியவில்லை. நீளம் மிகுதி என்று கடையில் மூன்று அங்குலம் வெட்டினார்கள். அப்போதும் நெற்றிவரை இருந்தது, 'அடுத்த ஆண்டு சரியாகிவிடும்' என்றேன். தண்டை வெட்டினால் நெம்புகோல் குறுகி விறைப்பு கூடும் என்பது அன்று எனக்கு உறைக்கவில்லை. வெட்டியபின் அந்த மட்டை 60-ஐத் தாண்டியிருக்கும். சில மட்டைகளின் மேற்பகுதியில், எங்கே வெட்டினால் வளைதிறன் எவ்வளவு ஆகும் என்று கோடுபோட்டு அச்சிட்டே தருகிறார்கள். நான் வாங்கியதிலும் இருந்தது. விலைச்சீட்டைப் பார்த்த கண்ணுக்கு அது தெரியவில்லை. இங்கே கடைக்காரரைக் குறைசொல்ல எனக்கு வாயில்லை. அவர் சின்ன மட்டையைத்தான் முதலில் எடுத்துக் காட்டினார்.

மூன்றாவது, தண்டுக்கும் பிளேடுக்கும் இடைப்பட்ட கோணம். இதை 'லை' என்று அழைத்து எண்ணிட்டிருக்கிறார்கள். பெரும்பாலும் நான்கிலிருந்து ஏழுவரை. எண் கூடக்கூடத் தண்டு செங்குத்தாக நிற்கும். இதைச் சரிபார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். பிளேடைச் சுற்றி ஒட்டும் துணிப்பட்டையின் அடிப்பக்கம் எங்கே தேய்ந்திருக்கிறது என்று பார்த்தால் போதும். நுனிப்பக்கம் தேய்ந்தால் கூடுதல் எண் தேவை. குதிப்பக்கம் தேய்ந்தால் குறைந்த எண். நடுவில் சீராகத் தேய்ந்தால் சரி. மிதிவண்டிச் சக்கரம் ஒருபக்கம் தேய்வதைப் பார்த்து அச்சுக் கோணலைச் சொல்லும் பழைய மெக்கானிக்குகள் என் நினைவுக்கு வந்தார்கள். ஆனால் நீளம் தவறாக இருக்கும்போது இந்தச் சோதனையும் தவறான விடையே தரும். ஆகவே நீளத்தை முதலில் தீர்மானிக்க வேண்டும்.

இடக்கையா, வலக்கையா என்பதில் நம்மவர்க்கு ஒரு குழப்பம் நேரும். இங்கே வலது மட்டை, இடது மட்டை என்பது கீழே பிடிக்கும் கையைக் குறிப்பது. மட்டையைக் கட்டுப்படுத்துவது மேல் கை. எனவே வலக்கைப் பழக்கமுள்ள பலர் வலக்கையை மேலே வைத்து இடது மட்டையில் ஆடுகிறார்கள். கனடாவில் இடது மட்டையே மிகுதி. அண்டையிலுள்ள அமெரிக்காவில் வலது மட்டை மிகுதி. ஒரு குழந்தைக்கு எது என்பதை எழுதும் கையைப் பார்த்து முடிவு செய்யாமல், ஒரு துடைப்பத்தைக் கொடுத்துத் தரையைப் பெருக்கச் சொல்லிப் பார்க்கலாம்.

பிளேடின் வளைவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருகாலத்தில் பிளேடுகள் நேராகவே இருந்தன. 1960-களின் தொடக்கத்தில் சிகாகோ அணியின் ஸ்டான் மிகிட்டாவும் பாபி ஹல்லும் வளைந்த பிளேடைப் பரவச் செய்தனர். வளைவு வட்டைத் தூக்கி அடிக்க உதவும். புறங்கையால் அடிப்பதைக் கடினமாக்கும். அதனால் கற்றுக்கொள்பவர்க்கு மெல்லிய வளைவே நல்லது. அளவு மீறினால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய சான்று 1993 ஜூன் 3 அன்று நடந்த ஸ்டான்லி கோப்பை இறுதிச்சுற்றின் இரண்டாம் ஆட்டம். லாஸ் ஏஞ்சலிஸ் கிங்ஸ் 2-1 என முன்னிலை. இரண்டு நிமிடம்கூட மீதமில்லை. மான்ட்ரியால் பயிற்சியாளர் ஜாக் டெமர்ஸ், எதிரணியின் மார்ட்டி மெக்சோர்லியின் மட்டையை அளக்கும்படி கோரினார். அன்றைய வரம்பு அரை அங்குலம். வளைவு அதைத் தாண்டியிருந்தது. மெக்சோர்லி வெளியே அனுப்பப்பட்டார். எரிக் டெஜார்டன் சமன் செய்து, கூடுதல் நேரத்தில் வெற்றி கோலையும் அடித்தார். முதல் ஆட்டத்தைத் தோற்றிருந்த மான்ட்ரியால் பிறகு தோற்கவேயில்லை, கோப்பையை வென்றது. இன்றைய வரம்பு முக்கால் அங்குலம்.

இனி விலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் நோவா ஸ்கோஷியாவின் மிக்மாக் பழங்குடிக் கைவினைஞர்கள் ஒரே மரத்துண்டில் மட்டை செதுக்கி விற்றார்கள். அதே நிலப்பகுதியில் 1830-களில் செதுக்கப்பட்ட மேப்பிள் மட்டை ஒன்றைக் கனடிய வரலாற்று அருங்காட்சியகம் 3 லட்சம் கனடிய டாலருக்கு வாங்கியிருக்கிறது. பின்னர் கண்ணாடி இழையும் அலுமினியமும் வந்தன. 2000 வாக்கில் கரிம இழையாலான ஒரே துண்டு மட்டைகள் சந்தையைப் பிடித்தன. இன்று பெரும்பாலும் சீனாவிலும் மெக்சிகோவிலும் தயாராகும் இவற்றில் உயர்ரகத்தின் விலை 300 டாலருக்கு மேல். உத்தரவாதம் வழக்கமாக 30 நாள்! மிக இலேசானவை, ஆனால் ஓர் அடியில் முன்னறிவிப்பின்றி முறியக்கூடியவை. தொழில்முறை ஆட்டக்காரருக்கு அணியே புது மட்டை தந்துவிடும். சம்பளக்காரப் பெற்றோர் அந்தச் செலவைத் தாமே சுமக்கிறார்கள். பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையில் இருப்பதைப் பார்த்து வாங்குகிறார்கள். வெப்லன் இதைப் பற்றி எழுதியதை வகுப்பில் நடத்தியவன் நான். கடையில் என் கையும் அந்த அலமாரிக்குத்தான் போயிற்று.

உண்மை வெளிப்பட்டது தற்செயலாகத்தான். ஒரு நாள் பயிற்சியில் பேரனின் மட்டை காணாமல் போக, அணியிலிருந்த இவனைவிடச் சிறிய பெண் ஒருத்தியின் மாற்று மட்டையை வாங்கி ஆடினான். வட்டு முதன்முறையாகத் தரையை விட்டு எழும்பியது. வீட்டுக்கு வந்தவன், "தாத்தா, அந்த மட்டை வளையுது" என்றான். அதுவரை ஒருமுறைகூட அவன் தன் மட்டையைக் குறைகூறவில்லை. நான் வாங்கித் தந்தது என்பதால்.

மறுநாள் கடைக்குப் போய் 35 எண்ணுள்ள எளிய மட்டை ஒன்றை, முன்னதன் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்த விலையில் வாங்கினோம். மாதம் ஒருமுறை துணிப்பட்டையை மாற்றும்போது அதன் அடிப்பக்கத்தை இருவரும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறோம். தேய்மானம் நடுவில் இருக்கிறது. பழைய மட்டை கார் நிறுத்தும் அறையின் மூலையில் சாத்தியிருக்கிறது. அதன் நீளம் இன்னும் இரண்டாண்டில் அவனுக்குப் பொருந்திவிடும். அதை வளைக்க அவன் 54 கிலோவுக்கு வர வேண்டும்.