கூலாய்க்கு ஓர் இளைஞர் ஆணையம்: ஊராட்சியில் இளைஞருக்கு இடம் எங்கே?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



2022ஆம் ஆண்டு மார்ச் 12ஆம் நாள் ஜொகூர் சட்டமன்றத் தேர்தல் நடந்தது. நம் நாட்டில் 18 வயது நிரம்பியவர்கள் முதன்முதலாக வாக்களித்த தேர்தல் அதுதான். அதே ஆண்டு நவம்பரில் அவர்கள் நாடாளுமன்றத்துக்கும் வாக்களித்தார்கள். ஆக, கூலாயில் வசிக்கும் 18 வயது இளைஞர் ஒருவர் தம் சட்டமன்ற உறுப்பினரையும் நாடாளுமன்ற உறுப்பினரையும் தேர்ந்தெடுக்கும் உரிமையைப் பெற்றுவிட்டார்.

ஆனால், அவர் வசிக்கும் தாமானில் புட்சால் திடல் விளக்கு எத்தனை மணிக்கு அணைய வேண்டும், பாசார் மாலாமில் கடை போட யாருக்கு உரிமம், காலி நிலத்தில் பூங்கா வருமா கடைவீடு வருமா என்பதையெல்லாம் முடிவு செய்கிறவர்களை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. அவருடைய அப்பாவும் தேர்ந்தெடுக்கவில்லை. வாழ்க்கைக்கு மிக நெருக்கமாக இருக்கும் அரசாங்கத்தில்தான் இளைஞருக்குக் குரல் மிகக் குறைவு. இன்று நான் பேச வந்திருப்பது இதைப் பற்றித்தான்.

வாக்குப்பெட்டி போன கதை

இந்நாட்டில் ஊராட்சித் தேர்தல் இல்லாத காலமே இருந்தது என்று நினைக்க வேண்டாம். ஜோர்ஜ்டவுனில் 1951ஆம் ஆண்டிலும் கோலாலம்பூரில் 1952ஆம் ஆண்டிலும் மக்கள் வாக்களித்து நகராட்சி உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். சுதந்திரத்துக்கு முன்பே நம் மக்கள் பழகிய தேர்தல் அது. இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி 1965ஆம் ஆண்டில் அத்தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன.

ஊராட்சி எப்படி இருக்க வேண்டும் என்று ஆராய அரசாங்கம் ஓர் அரச ஆணையத்தை அமைத்தது. அதற்குத் தலைமை ஏற்றவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களே ஊராட்சியை நடத்த வேண்டும் என்று 1968இல் அந்த ஆணையம் பரிந்துரை செய்தது. அந்தப் பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம், அதாவது 171ஆவது சட்டம் வந்தபோது ஊராட்சித் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைக்கப்பட்டது. பினாங்கு மாநிலம் அதை மீட்க முயன்றது. 2014ஆம் ஆண்டில் கூட்டரசு நீதிமன்றம் அதற்கு இடமில்லை என்று தீர்ப்பளித்துவிட்டது.

ஆகவே இன்றுள்ள நிலை இதுதான். ஒரு நகராண்மைக் கழகத்தில் தலைவரைத் தவிர 8 முதல் 24 உறுப்பினர்கள் வரை இருக்கலாம். அவர்களை மாநில அரசு நியமிக்கிறது. ஒரு தவணை மூன்று ஆண்டுகளுக்கு மேற்படாது. ஊராட்சியில் பரந்த அனுபவம் உள்ளவர்கள், தொழிலிலோ வணிகத்திலோ சிறந்து விளங்குபவர்கள், தங்கள் சமூகத்தைப் பிரதிநிதிக்கத் தகுதி உள்ளவர்கள் என்று சட்டம் வரையறுக்கிறது. இளைஞர் கூடாது என்று சட்டம் சொல்லவில்லை. அவர்களுக்கென்று ஓர் இடத்தையும் அது ஒதுக்கவில்லை. அனுபவத்தையும் தொழில் சிறப்பையும் முதலில் வைத்துப் பார்க்கும் பட்டியலில் 20 வயதுக்காரரின் பெயர் ஏறுவது எளிதா என்று நீங்களே எண்ணிப் பாருங்கள்.

கழகத்தின் கையில் என்ன இருக்கிறது?

கூலாய் வளர்ந்து வரும் ஊர். 2004ஆம் ஆண்டில் மாவட்ட மன்றமாக இருந்தது நகராண்மைக் கழகமாக உயர்ந்தது. 2008இல் கூலாய்ஜெயா என்ற பெயரில் தனி மாவட்டமானது. 2015இல் மீண்டும் கூலாய் என்ற பழைய பெயரே வந்தது. மாவட்டத்தின் மக்கள் தொகை இன்று மூன்று லட்சத்தைத் தாண்டிவிட்டது. செனாய் விமான நிலையம் இங்கேதான் இருக்கிறது. பெல்டா குடியேற்றப் பகுதிகளும் செம்பனைத் தோட்டங்களும் ஒரு பக்கம், செடெனாக்கில் எழும் தரவு மையங்கள் மறுபக்கம். விடியுமுன் மோட்டார் சைக்கிளில் புறப்பட்டுச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய், இரவு வீடு திரும்பும் இளைஞர்களும் இங்கே ஏராளம்.

இளைஞர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எது கழகத்தின் வேலை, எது இல்லை என்பது. பள்ளி, போலீஸ், குடிநீர் ஆகியவை கழகத்தின் பொறுப்பில் இல்லை. ஜொகூரில் 2011ஆம் ஆண்டு முதல் வீட்டுக் குப்பை அள்ளுவதும் குத்தகை நிறுவனத்தின் பொறுப்பு. ஆனால் மதிப்பீட்டு வரி, அங்காடிக் கடை உரிமம், பூங்கா, திடல், சமூக மண்டபம், தாமான் சாலை, கால்வாய், கார் நிறுத்துமிடம், கட்டுமானத் திட்ட அனுமதி எல்லாம் கழகத்தின் கையில்தான் உள்ளன. ஓர் இளைஞர் வேலை முடிந்து எங்கே விளையாடுகிறார், எங்கே சிறு கடை போடுகிறார், எங்கே வீடு வாங்கப் போகிறார் என்பதெல்லாம் இந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடுகிறது.

ஓர் ஊரின் உள்ளூர்த் திட்டம் பல ஆண்டுகளுக்கு அந்த ஊரின் நிலத்தை எதற்குப் பயன்படுத்துவது என்று தீர்மானிக்கிறது. அதன் பலனை அதிக காலம் அனுபவிக்கப் போகிறவர் இன்று 18 வயதில் இருப்பவர். ஆனால் வரைவுத் திட்டம் பார்வைக்கு வைக்கப்படும்போது அதை எட்டிப் பார்க்கும் இளைஞர் எத்தனை பேர்?

மற்ற நாடுகளில் எப்படி?

அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரில் 1995ஆம் ஆண்டு வாக்காளர்கள் ஒரு நகர இளைஞர் ஆணையத்துக்கு ஒப்புதல் அளித்தார்கள். அது நகரின் சாசனத்திலேயே எழுதப்பட்டது. 12 முதல் 23 வயதுக்குட்பட்ட 17 பேர் அதில் உறுப்பினர்கள். நகர மன்ற உறுப்பினர்கள் 11 பேர் ஆளுக்கு ஒருவரையும், மேயர் ஆறு பேரையும் நியமிக்கிறார்கள். இளைஞரைப் பாதிக்கும் தீர்மானம் எதுவும் இறுதி முடிவுக்கு முன் இந்த ஆணையத்துக்கு அனுப்பப்பட வேண்டும். கருத்துச் சொல்ல அவர்களுக்கு 12 நாள் அவகாசம் உண்டு. அவர்கள் சொல்வதை மன்றம் ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. ஆனால் கேட்காமல் முடிவெடுக்க முடியாது. இந்தச் சிறிய விதிதான் அந்த ஆணையத்தின் முதுகெலும்பு.

பாஸ்டன் நகரம் 2014இல் இன்னொரு வழியைக் காட்டியது. நகர நிதியில் 10 லட்சம் டாலரை ஒதுக்கி, அதை எதற்குச் செலவிடுவது என்று இளைஞர்களையே வாக்களிக்கச் சொன்னது. பிரான்சிலோ ஷில்டிக்கைம் என்ற ஊர் 1979ஆம் ஆண்டிலேயே சிறுவர் நகர மன்றம் ஒன்றைத் தொடங்கிவிட்டது.

தமிழ்நாட்டைப் பார்த்தால், 2022ஆம் ஆண்டு மார்ச் மாதம் சென்னை மாநகராட்சியின் மேயராகப் பொறுப்பேற்ற ஆர். பிரியாவுக்கு அப்போது வயது 28. தேர்தல் இருக்கும் இடத்தில் இளையோருக்குக் கதவு திறக்க வாய்ப்பு உண்டு என்பதற்கு இது ஒரு சான்று.

இலங்கை தரும் பாடம்

நமக்கு மிக நெருக்கமான பாடம் இலங்கையில் இருக்கிறது. அங்கே 1980களின் இறுதியில் இளைஞர் கிளர்ச்சியில் பல்லாயிரம் உயிர்கள் பலியாயின. 1989இல் ஜனாதிபதி இளைஞர் ஆணைக்குழு நியமிக்கப்பட்டது. இளைஞரின் மனக்கொதிப்புக்கு என்ன காரணம் என்று அது கேட்டறிந்து 1990இல் அறிக்கை தந்தது. அதன் தொடர்ச்சியாக, உள்ளூராட்சித் தேர்தலில் வேட்பாளர் பட்டியலில் 40 விழுக்காடு இளைஞருக்கு என்று சட்டம் வந்தது. பின்னர் 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது.

இதில் இரண்டு பாடங்கள் உள்ளன. ஒன்று, இளைஞரின் குரலைக் கேட்க ஒரு நாடு பேரழிவு வரைக்கும் காத்திருக்கக் கூடாது. இரண்டு, ஒரு சட்டத் திருத்தத்தில் கிடைத்தது இன்னொரு திருத்தத்தில் போய்விடும். அதைக் காக்கும் பழக்கம் மக்களிடம் வேரூன்ற வேண்டும்.

நம் சட்டத்தில் இடம் இருக்கிறதா?

இருக்கிறது. 171ஆவது சட்டத்தின் 28ஆவது பிரிவு, ஊராட்சி மன்றம் பொதுவான அல்லது சிறப்பான குழுக்களை அமைத்துக்கொள்ளலாம் என்கிறது. அக்குழுக்களில் கழக உறுப்பினர்கள் மட்டுமல்லாமல் பிறரும் இருக்கலாம். எனவே நகராண்மைக் கழகம் ஒரு தீர்மானம் போட்டாலே போதும். நாடாளுமன்றம் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சட்டத்தின் பார்வையில் அது ஒரு குழுதான். 'ஆணையம்' என்ற பெயரில் என்ன இருக்கிறது? அதற்குத் தரப்படும் அதிகாரத்தில்தான் எல்லாம் இருக்கிறது.

எப்படி அமைக்கலாம் என்பதற்கு என் யோசனைகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, வயது. இளைஞர் அமைப்புகள் சட்டம் 2007இல் இயற்றப்பட்டபோது இளைஞர் என்றால் 15 முதல் 40 வயது என்றது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம் அந்த மேல்வரம்பை 30ஆகக் குறைத்தது. நகர ஆணையத்துக்கு 16 முதல் 25 போதும். 16 வயதில் தொடங்கினால், முதல் வாக்கைப் போடுவதற்கு முன்பே ஊராட்சி என்றால் என்னவென்று ஒருவர் பழகிவிடுவார்.

இரண்டாவது, தேர்வு. 15 பேர் இருக்கட்டும். விண்ணப்பம் எல்லாருக்கும் திறந்திருக்க வேண்டும். கட்சிப் பொறுப்பில் உள்ளவர்கள் இடம்பெறக் கூடாது. பேச்சுப் போட்டியில் வென்றவரையும் வகுப்பில் முதல் மாணவரையும் மட்டும் பொறுக்கி எடுத்தால் அது இன்னொரு பரிசளிப்பு விழாவாகிவிடும். தொழிற்சாலையில் வேலை செய்பவர், சிங்கப்பூருக்குப் போய் வருபவர், பெல்டாவில் வளர்ந்தவர், எஸ்பிஎம்மோடு படிப்பை நிறுத்தியவர், உடற்குறை உள்ளவர் என எல்லாரும் அதில் வர வேண்டும். பெண்கள் பாதிக்குக் குறையக் கூடாது. தகுதியுள்ள விண்ணப்பங்களிலிருந்து சில இடங்களைக் குலுக்கல் முறையில் நிரப்பினாலும் தவறில்லை.

மூன்றாவது, அதிகாரம். இளைஞரைப் பாதிக்கும் விவகாரம் கழகக் கூட்டத்துக்கு வருவதற்கு 14 நாட்களுக்கு முன் ஆணையத்துக்கு வர வேண்டும். ஆணையம் ஒரு பரிந்துரை செய்தால் 30 நாட்களுக்குள் கழகம் எழுத்து மூலம் பதில் தர வேண்டும். 'முடியாது' என்றாலும் சரி, ஏன் முடியாது என்று எழுத வேண்டும். சிறு திட்டங்களுக்கு ஆண்டுதோறும் ஒரு தொகையை ஒதுக்கி, அதன் கணக்கை அவர்களே பொதுமக்கள் முன் காட்டட்டும்.

நான்காவது, நடைமுறை. கூட்டம் காலை பத்து மணிக்கு என்றால் வேலைக்குப் போகும் இளைஞர் எப்படி வருவார்? இரவில் அல்லது வார இறுதியில் கூட வேண்டும். போக்குவரத்துச் செலவு தர வேண்டும். குறிப்பு எடுக்கவும் கடிதம் அனுப்பவும் கழகத்தில் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்க வேண்டும். 18 வயதுக்குட்பட்டோருக்குப் பெற்றோர் அனுமதியும் பாதுகாப்பும் அவசியம்.

நம் பிள்ளைகளுக்கு இதில் என்ன?

தோட்டத்தில் வாழ்ந்த காலத்தில் நம் மக்களுக்குத் திடல் இருந்தது, கோயில் இருந்தது, பள்ளி இருந்தது. குறை இருந்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்றும் தெரிந்திருந்தது. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த பிறகு, குறையை யாரிடம் கொண்டுபோவது என்பது பலருக்குத் தெரியவில்லை. சாக்கடை அடைத்தாலும் சட்டமன்ற உறுப்பினர், திடல் பாழானாலும் கட்சித் தலைவர் என்று ஓடுகிறோம். நம் இளைஞர்களைப் பற்றி ஊர் பேசுவதெல்லாம் குண்டர் கும்பல், மோட்டார் பந்தயம் என்றுதான் இருக்கிறது. மாலையில் போக ஓர் இடம் அவர்களுக்கு உண்டா என்று யாரும் கேட்பதில்லை.

ஆனால் நம்மிடம் ஒரு நல்ல மரபு உண்டு. மணிமன்றங்களிலும் கோயில் இளைஞர் பகுதிகளிலும் கூட்டம் நடத்தி, குறிப்பு எழுதி, சந்தா வசூலித்துக் கணக்குக் காட்டிப் பழகியவர்கள் நாம். அந்தப் பழக்கத்தை நம் மண்டபத்துக்குள்ளேயே பூட்டி வைத்துவிட்டோம். அதை நகர மன்றத்துக்கு எடுத்துச் செல்ல வேண்டும். 'இந்தியருக்கு ஓர் இடம்' என்று கேட்டு வாங்கி, அதில் ஒரு பிள்ளையை உட்கார வைத்துவிட்டு ஓய்ந்துவிடக் கூடாது. மலாய், சீன நண்பர்களோடு உட்கார்ந்து தேசிய மொழியில் ஒரு கோரிக்கையை ஒழுங்காக எழுதி, அதற்குப் பதில் வாங்கும் ஆற்றல் நம் பிள்ளைகளுக்கு வர வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

'அனுபவம் இல்லாதவர்கள் என்ன சொல்லிவிடப் போகிறார்கள்?' என்று கேட்பார்கள். கட்டடப் பொறியியல் அவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆனால் எந்தப் பேருந்து நிறுத்தத்தில் விளக்கில்லை, எந்தத் திடலில் பெண் பிள்ளைகள் ஏழு மணிக்கு மேல் நிற்கப் பயப்படுகிறார்கள் என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

'தேநீர் குடித்துக் கலையும் இன்னொரு குழுவா?' என்பது அடுத்த கேள்வி. இது நியாயமான கேள்வி. எழுத்து மூலம் பதில் என்ற விதி இல்லாவிட்டால் நிச்சயம் அப்படித்தான் ஆகும். அந்த விதி இல்லாத ஆணையம் எனக்கும் வேண்டாம். அதோடு, இந்த ஆணையம் ஊராட்சித் தேர்தலுக்கு ஈடாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும். ஆதி நாகப்பன் ஆணையம் கேட்டது வாக்குரிமை. நாம் இப்போது கேட்பது செவிமடுத்தல். பெரியது கிடைக்கவில்லை என்பதற்காகச் சிறியதையும் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை.

இன்றே செய்யக்கூடியது

ஆணையம் வரும்வரை சும்மா இருக்க வேண்டாம். கழகம் வேறு விதமாகத் தீர்மானிக்காத வரை அதன் முழுக் கூட்டம் பொதுமக்களுக்கும் பத்திரிகையாளர்களுக்கும் திறந்தே இருக்க வேண்டும் என்று 171ஆவது சட்டத்தின் 23ஆவது பிரிவு சொல்கிறது. நாலு நண்பர்கள் சேர்ந்து ஒரு முறை போய் உட்கார்ந்து பாருங்கள். உங்கள் பகுதிக்குப் பொறுப்பான கழக உறுப்பினர் யார் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உள்ளூர்த் திட்டத்தின் வரைவு பார்வைக்கு வைக்கப்படும்போது ஆட்சேபம் சொல்லக் குறைந்தது நான்கு வாரங்கள் உண்டு. அந்த நான்கு வாரத்தில் ஒரு கடிதமாவது எழுதுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளை இந்தக் கூட்டத்துக்குப் போகிறேன் என்று சொன்னால், 'உனக்கெதற்கு அரசியல்?' என்று தடுக்காதீர்கள். அவன் பேசப் போவது தன் வீட்டு வாசலில் உள்ள சாலையைப் பற்றி.